சார்ஜைத் திருப்பிக் கேட்கப் போனேன்

அன்று காலை ஒரு சபதத்தோடு எழுந்தேன். என் கணக்கில் பிடித்த அபராதச் சார்ஜையெல்லாம் பேங்கிலிருந்து திருப்பி வாங்காமல் வீடு திரும்புவதில்லை.

மலைமேல் கியா பார்ம் காய்கறித் தோட்டங்களில் முட்டைகோஸ் ஏற்றும் லோரி என்னுடையது. எஞ்சின் கெட்டபோது பேங்கில் ஓவர்டிராஃப்ட் வாங்கினேன். கணக்கில் காசில்லாவிட்டாலும் ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ளலாம். சுருக்கமாக ‘ஓடி’ என்பார்கள். வாங்கிய நாளிலிருந்து நான்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்போது லிமிட்டையும் தாண்டியாயிற்று. இந்த வாரம் குறைக்காவிட்டால் ஓடியை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் லோரிக்கு எண்ணெய் கிடையாது. வீட்டில் அடுப்பும் கிடையாது.

பக்கத்து வீட்டுத் தங்கையா யோசனை சொன்னார். “கெஞ்சாதே. மேசையத் தட்டிப் பேசு. திருப்பிக் குடுத்துருவான்லா.”

கணக்கு என் பெயரிலும் மனைவி உமாதேவி பெயரிலும் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு அவளும் கிளம்பினாள்.

“நீ எதுக்கு? இது ஆம்பள பேசற விசயம்.”

“நீங்களே பேசுங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்.”

எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரிஞ்சாங் டவுன் பேங்கில் தர்ஷினி என்ற இளம் அதிகாரி. தட்டலாம் என்று கையை ஓங்கினேன். கண்ணாடி மேசை. தடவிக்கொடுத்தேன்.

“எதுக்கும்மா இத்தன சார்ஜ்?”

“லிமிட்டத் தாண்டிட்டீங்க அங்கிள்.”

“ஏன் தாண்டுச்சு?”

“சார்ஜ் பிடிச்சோமே, அதுல தாண்டுச்சு.”

“சார்ஜ் ஏன் பிடிச்சீங்க?”

“லிமிட் தாண்டுச்சே.”

“அப்ப முதல்ல வந்தது சார்ஜா, தாண்டுனதா?”

“வட்டி.”

பிரிஞ்சாங் பனி மூட்டம் முழுவதும் என் மண்டைக்குள் இறங்கியது.

“சரி, சார்ஜ எடுத்துட்டா?”

“லிமிட் தாண்டாது.”

“தாண்டலன்னா?”

“சார்ஜே வராது.”

“வராத சார்ஜ எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?”

இதைக் கேட்டது அவள் இல்லை. நான்.

“இப்பப் புரிஞ்சுதா அங்கிள்?”

“புரிஞ்சுது. வட்டிக்கு லிமிட் போட்டா சார்ஜ் தாண்டும்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் உமாதேவி.

“சிக்கலான விசயம்லா. அவங்க மேல தப்பில்ல. நாமதான் அவங்களுக்கு இன்னும் ஏதோ தரணும் போல.”

“சரி, இந்தக் கண்ணாடிச் சுவர் ஓரமா உக்காருங்க. அந்தப் பொண்ணுக்குத் தெரியற மாதிரி.”

உள்ளே போனாள். என்னவோ சொன்னாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துவைத்தேன். மேனேஜரும் வந்து பார்த்தார். கையசைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் உமாதேவி வந்தாள்.

“எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டாங்க. ஓடி லிமிட்டுக்குள்ள வந்துருச்சு. நாளைக்கு லோரிய எடுங்க.”

“எப்படி? மேசையத் தட்டுனியா?”

“இல்லீங்க. ‘சார்ஜ்னா என்னன்னு இந்த மனுசனுக்கு விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குனீங்களா’ன்னு கேட்டேன். உங்களப் பாத்தாங்க. மறுபேச்சு பேசல.”

“அப்ப நான் உள்ள போய்ப் பேசுனது வீணா?”

“யாரு சொன்னா? நீங்க பேசுனதக் கேட்டதாலதான் அவங்க நம்புனாங்க. இல்லன்னா உங்கள எதுக்கு முதல்ல அனுப்பப் போறேன்?”