நாலாம் நம்பரில் பொங்கிய பால்

அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போய், அவர்கள் சாமான்களை வாசலில் தூக்கிப் போட்டு, அவர்கள் அடுப்பையே பற்ற வைத்து, அவர்கள் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவன் நான். போலீஸ்காரர்கள் இதற்கு என்னென்ன செக்‌ஷன் போடுவார்கள் என்று தெரியாது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பால் காய்ச்சினது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மறைமலை நகர் பக்கம் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். அங்கே எங்களுக்கு இருந்தது ஒரு ஹாலும் ஒரு சமையல்கட்டும். அதற்குள் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான். (நான் படுத்தது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். இன்றைக்கும் ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும்.) இந்த லட்சணத்தில் புதுப்பட்டினத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் அமுதா. இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. அமுதாவின் அப்பா ஏழுமலை, கட்டட மேஸ்திரி, அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பீரோ சந்துல எம்பொண்ண குடி வெக்க முடியாது தம்பி. மொதல்ல ஒரு வூடு பாரு. பால் காச்சற அன்னிக்கு நாங்க வந்து பாக்கறோம். மனசுக்குத் திருப்தியா இருந்தா அங்கியே தேதி குறிச்சிடலாம். இல்லன்னா வுட்டுடலாம்."

வாடகை வீடுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். ஐந்து மாதம் ஆனது.

கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்து செங்கல்பட்டு வரைக்கும் நான் ஏறாத மாடி இல்லை. எல்லா ஓனர்களும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தினி பேரு?" இந்தக் கேள்விக்கு எவ்வளவு குறைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பெருமையாக, "ரெண்டே பேரு சார்" என்பேன். உடனே அவர் முகம் வாடிவிடும்.

"ரெண்டே பேரா? இதே வூட்டுக்கு ஒரிசா பசங்க எட்டு பேரு வந்து கேட்டுகினு கீறாங்க. தலைக்கு இவ்ளோன்னு வாடகை. மோட்டார் ஓடலன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டாங்க. நீ வந்தா மொத மாசமே பெயிண்ட் அடின்னுவே."

சிங்கப்பெருமாள்கோவிலில் ஒரு பெரியவர் மட்டும் என்மேல் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "எங்கியாச்சும் இன்னும் ஆறு பேரைப் புடிச்சிகினு வா தம்பி, தரேன்." புதுப் பெண்டாட்டியோடு இன்னும் ஆறு பேர். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

கம்பெனிகள் வந்தன, கம்பெனிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டுமே. ஒரு வீட்டை எட்டாகப் பங்கு போட்டு விலை ஏற்றியது ஓனர்கள். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஓனர்மேல் கோபப்படத் தைரியம் கிடையாது. அவரிடம்தானே கையைக் கட்டிக்கொண்டு "சார்" என்று நிற்கவேண்டும். அதனால் கோபத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் கம்பெனி வாசல் டீக்கடையில் அவிழ்த்தேன். "நம்ம ஊர்ல நமக்கே வூடு இல்ல, எங்கிருந்தோ வந்தவனுங்களுக்கு இருக்கு" என்று தினமும் ஒரு சொற்பொழிவு. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் எனக்காக நகர்ந்து இடம் விடுவார்கள். அந்த இடத்தில் வசதியாக உட்கார்ந்துதான் மீதியைப் பேசுவேன்.

கடைசியில் சிங்கப்பெருமாள்கோவிலிலேயே ஒரு லைன் வீடு கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் கதவு. ஓனர் ஹார்டுவேர் கடைக்காரர். அவருடைய சம்சாரம், வரிசையில் ஒரு குடும்பமாவது இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் எனக்கு யோகம் அடித்தது. "ஏழாவது கதவு. பெயிண்ட் அடிச்சு ரெடியா கீது" என்று சாவியைக் கொடுத்தார்.

நல்ல நேரம் காலை ஐந்திலிருந்து ஆறு. இருட்டோடு ஒரு வேன் புதுப்பட்டினத்தில் அமுதா வீட்டாரை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றத்தில் எங்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. பானை, பால், பூ, மஞ்சள், புதுத் துடைப்பம், கரண்ட் அடுப்பு எல்லாம் இருந்தது. கரண்ட் மட்டும் இல்லை. அது போதாதென்று தெரு முனையில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் சுற்றிக்கொண்டு போய் வரிசையின் அந்தப் பக்கக் கோடியில் நிறுத்தினார். நான் செல்போன் வெளிச்சத்தில் கதவுகளை எண்ணினேன். ஏழாவது கதவு. சாவியை நுழைத்தேன். திறந்தது.

(பத்துக் கதவில் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்பது முக்கியம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஓனர் தன் கடைச் சரக்கிலேயே மலிவான ஒரு டஜன் பூட்டை எடுத்து எல்லாக் கதவுக்கும் மாட்டியிருந்தார் என்பதும், எந்தச் சாவியும் எந்தப் பூட்டையும் திறக்கும் என்பதும் அன்று மத்தியானம்தான் தெரிந்தது.)

உள்ளே வெளிச்சம் அடித்தால் எட்டுப் பாய். எட்டுத் தட்டு, ஆணியில் வரிசையாக. கொடி முழுக்கத் துணி. மூலையில் கேஸ் அடுப்பு.

"வூடு ரெடியா கீதுன்னியே தம்பி?" என்றார் ஏழுமலை.

ஒரு நிமிடம் தடுமாறினேன். அடுத்த நிமிடம் டீக்கடைச் சொற்பொழிவு கைகொடுத்தது. "பாத்தீங்களா மாமா? காலி பண்ணிட்டுப் போனவனுங்க குப்பையை அப்படியே போட்டுட்டுப் போயிருக்கானுங்க. இவனுங்களே இப்படித்தான். நீங்க ஓரமா நில்லுங்க, அஞ்சே நிமிஷம்."

அண்ணனும் நானும் ஆவேசமாக இறங்கினோம். பாய், தலையணை, டிரங்குப் பெட்டி, சட்டை, வெங்காய மூட்டை எல்லாம் தெருவுக்குப் போனது. அமுதா கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தவள் தயங்கினாள். அதுவரை அவள் என்னோடு நேராகப் பேசியதில்லை.

"ஏங்க, துண்டு ஈரமா கீதுங்க."

"அவங்க அப்படித்தான்" என்றேன், உலகம் தெரிந்தவன் குரலில். என் மனைவிக்கு நான் கொடுத்த முதல் விளக்கம் அது. துண்டை வாங்கித் தெருவில் போட்டேன்.

அலமாரியில் பெரிய வட்டக் கண்களோடு ஒரு சாமி படம் இருந்தது. அதை மட்டும் அம்மா தொடவிடவில்லை. "சாமி யாரா இருந்தா இன்னாடா" என்று துடைத்து, பொட்டு வைத்து, கொண்டுவந்த சாமந்தி மாலையைச் சாத்தினாள். எங்கள் கரண்ட் அடுப்பு வேலை செய்யாததால் அவர்கள் கேஸ் அடுப்பிலேயே பானையை ஏற்றினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அமுதாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏழுமலை முகத்தில் கூட ஒரு சின்னத் திருப்தி தெரிந்தது. கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பொழுது நன்றாக விடிந்திருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. கம்பெனிச் சட்டையில், கையில் டிபன் டப்பாவோடு எட்டுப் பேர் நின்றார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். தெருவில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். ஒருவன் குனிந்து மண்ணில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து, உதறி, மடித்து வைத்தான். யாரும் சத்தம் போடவில்லை.

சத்தம் போட்டது நான்தான். "குப்பையை எடுத்துகினு போக இப்பதான் டைம் கெடச்சுதா?"

முன்னால் நின்றவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மாலை போட்ட சாமியைப் பார்த்ததும் அவன் கை தானாகக் குவிந்தது. அப்புறம் என்னைவிட சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் கேட்டான்.

"இன்னா விசேஷம் அண்ணாத்த? எங்க வூட்ல பூஜைன்னு யாருமே சொல்லலியே."

கதவைப் பார்த்தேன். அதன்மேல் நீலப் பெயிண்டில் பெரிதாக 4 என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஏழு, இந்தப் பக்கத்திலிருந்து நாலு. இருட்டில் அது என் கண்ணில் படவே இல்லை.

ஏழுமலை எழுந்து வெளியே போனார். அவர்களிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவருக்கு இந்தி தெரியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"மஸ்கட்ல ஒம்பது வருசம் வேல பாத்தேன் தம்பி. ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு. ஒரு நாளு சைட்லேர்ந்து வந்து பாத்தா எங்க பொட்டிலாம் ரோட்ல கெடக்குது. எதுக்குன்னு கேக்க எனக்கு பாஷ தெரியல. இவங்களுக்குத் தெரியுது, அப்பவும் மரியாதையா கேக்கறாங்க." தெருவில் கிடந்த சாமான்களைக் காட்டினார். "எது எது எங்க இருந்துச்சோ, அங்கங்க உங்கையால எடுத்து வை. கல்யாணப் பேச்ச அப்பறம் பாக்கலாம்."

அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. அமுதா பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அண்ணன் உதவிக்கு எழுந்தான். ஏழுமலை பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான்.

எட்டுப் பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களுக்கு டம்ளரில் பால் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். அந்த முன்னால் நின்றவன் பெயர் பிகாஷ். அவன்தான் மேற்பார்வை.

"அண்ணாத்த, அது ராஜுவோட பாய். ஜன்னலாண்ட."

வைத்தேன்.

"தட்டுல பின்னால பேரு கீது. பாத்து மாட்டு. மாறிப்போனா சண்ட வரும்."

எட்டுத் தட்டையும் திருப்பிப் பார்த்தேன். எட்டும் ஒடியா எழுத்து. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, அவர்கள் கை தூக்க, பள்ளிக்கூடத்து அட்டென்டன்ஸ் மாதிரி நடந்தது. வெங்காயத்தை மண் போகக் கழுவினேன். துணிகளைக் கொடியில் போடும்போது பக்கத்தில் யாரோ நின்றார்கள். அமுதா. அந்தத் துண்டை மறுபடி அலசிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஈரமா கீதுன்னு சொன்னேன்ல" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, நடந்தால் இவளோடுதான் என்று அந்தக் கொடியடியில் முடிவு செய்தேன்.

மாலையைக் கழற்றப் போன அம்மாவை பிகாஷ் தடுத்தான். "இருக்கட்டும்மா. எங்க ஜகந்நாதருக்கு இங்க வந்ததுலேர்ந்து யாரும் மால போடல."

கடைசிப் பெட்டியை வைத்து முடிக்கையில் மணி எட்டு. எட்டுப் பேரும் அவரவர் பாயில் தூங்கியிருந்தார்கள். ஏழுமலை சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். வெளியே வந்து, ஒன்றாம் நம்பருக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு கதவாகத் தொட்டு எண்ணிக்கொண்டே ஏழாவது வரைக்கும் நடந்தார்.

"எண்ணத் தெரியல. ஆனா எட்டு பேரு தட்டையும் மாறாம மாட்டிட்ட." சாவிக்குக் கையை நீட்டினார். "கதவத் தெறக்கலாம் மாப்ள. தேதி பாக்கணும்."

அதுவரைக்கும் தம்பி, அன்றிலிருந்து மாப்பிள்ளை.

ஆனால் பால் விஷயம் தீரவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் காய்ச்சவேண்டும், அது பொங்கியாகிவிட்டது என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே எங்களுக்கு வரவேண்டிய அதிர்ஷ்டமெல்லாம் நாலாம் நம்பரில் சேர்ந்துவிட்டது என்பது அமுதாவின் கட்சி. எங்கள் குழாயில் தண்ணீர் வராத நாளில் அவர்கள் குழாயில் வரும். "நம்ம பால்" என்பாள். பிகாஷ் சூப்பர்வைசர் ஆனான். நான் ஆகவில்லை. "நம்ம பால்."

பல வருடம் கழித்து, திருக்கழுக்குன்றம் சாலையில் மாமனார் தன் கையால் கட்டிய எங்கள் சொந்த வீட்டுக்குக் குடிபோனோம். மேலே ஒரு போர்ஷன். புரோக்கர் வந்து, எட்டுத் தலையாக வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் மனசுக்குள் தலைகளை எண்ணிப் பார்த்தேன்.) அமுதா ஒரே வரியில் முடித்தாள். "வூட்டுக்குத்தான் வாடக. தலைக்கு இல்ல."

அந்தச் சமயத்தில்தான் பிகாஷ் போன் செய்தான். ஊரில் கல்யாணம் முடிந்து மனைவியை அழைத்து வருகிறானாம், வீடு தேடுகிறானாம். "எல்லா ஓனரும் எத்தினி பேருன்னு கேக்கறாங்க அண்ணாத்த. ரெண்டு பேருன்னு சொன்னா மூஞ்சியே மாறிப்பூடுது."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாடிப்படியின் கீழ் பானையோடு பிகாஷும், பூத்தட்டோடு அவன் மனைவியும் நின்றார்கள். மாமனார், மாமியார், அம்மா, அண்ணன் குடும்பம் எல்லோரும் பின்னால். இன்றைக்காவது நம்ம வீட்டில் பால் பொங்கட்டும் என்று அமுதாவுக்கு ஏக சந்தோஷம். நான் சாவியை நீட்டினேன். பிகாஷ் வாங்கவில்லை. முகத்தைக் கோயில் குருக்கள் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டான்:

"இந்த வூடுதானா அண்ணாத்த? எதுக்கும் ஒருவாட்டி கதவ எண்ணிப் பாத்துடேன்."

மாடியில் இருப்பது ஒரே கதவு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, விரலை நீட்டி, சத்தமாக எண்ணினேன். "ஒன்று."

"அந்தப் பக்கத்துலேர்ந்து?" என்றார் மாமனார்.