கம்பியக்கா நிறுத்திய கண்டெய்னர் லாரிகள்

வேலைக்காக ஹாஸ்டலில் தங்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். படிப்புக்காகத் தங்குபவர்களும் உண்டு, மாமியாருக்குப் பயந்து தங்குபவர்களும் உண்டு. ஒரு கம்பியைத் தங்கவைப்பதற்காக மாதாமாதம் ஹாஸ்டல் வாடகை கட்டியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் எங்கள் கம்பியக்கா.

அக்காவின் சொந்த வீடு எண்ணூரில். எங்கள் திருவொற்றியூர் ஹாஸ்டலிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அந்த வீட்டில் ஆட்கள் படுத்தது போக மிச்ச இடத்தில் மீன் வலையும் ஐஸ் பெட்டியும் படுத்திருந்தன. அக்கா ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. கூடவே முனைவர் பட்ட ஆராய்ச்சி. கல்லூரியோ இயற்பியல் ஆய்வகத்தைக் காலி செய்து கம்ப்யூட்டர்களைக் குடிவைத்துவிட்டது. போக்கிடம் இல்லாத அக்கா ஒரு துணிப்பை, ஆளுயர பிளாஸ்டிக் குழாய், பித்தளை எடைகள் நிறைந்த ஒரு வாளி ஆகியவற்றுடன் என் அறைக்குள் நுழைந்தார். கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராக உத்தரத்தைப் பார்த்தார்.

"தொட்டில் கொக்கி கீது! சூப்பரு! இது எவ்ளோ வெயிட்டு தாங்கும் பிள்ளே?"

ஹாஸ்டல் ஆவதற்கு முன் அது ஏதோ குடும்பம் வாழ்ந்த வீடு. குழந்தைக்காக அடித்த அந்தக் கொக்கியில் அன்று சாயங்காலமே அக்காவின் கம்பி தொங்கியது. சமையல்கார கோவிந்தம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது! புள்ளையப் போடுற கொக்கில கம்பியப் போட்டு வளத்துகினு கீறே?"

அக்கா வகுப்பில் இங்கிலீஷ், அறையில் அசல் எண்ணூர். "இது நிக்கல் கம்பி கோவிந்தம்மா. தலைமுடி கணக்கா மெல்லிசு. குழாய் மேல சுத்திகீற செம்புல கரன்ட்டு வுட்டா, உள்ள தொங்குற கம்பி காந்தமாய்டும். அப்பால கீழ வெயிட்டக் கட்டி இஸ்தேன்னு வெச்சுக்கோ, காந்தம் டல்லாய்டும். வெயிட்ட எடுத்தா திரும்ப எழுந்து குந்திக்கும். எவ்ளோ இஸ்தா எவ்ளோ டல்லாவுது? அதான் என் ஆராய்ச்சி!"

கோவிந்தம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "கம்பி கட்டுற கதைன்னு சொல்றாங்களே, அது இதானா?" என்றபடி சாம்பாரைக் கவனிக்கப் போய்விட்டார்.

குழாயிலிருந்து ஒரு மீட்டருக்கும், மீட்டரிலிருந்து லேப்டாப்புக்கும் ஒயர் போயிற்று. எடை கூடக் கூடத் திரையில் ஒரு கோடு படிப்படியாக இறங்க வேண்டும். முதல் படி இறங்கியதுமே அக்கா கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் சிக்ஸர் பார்த்தவர்போல் எம்பிக் குதிப்பார். குதித்தால் தரை அதிரும், கம்பி ஆடும், கோடு கெடும். தன் சோதனையைத் தன் சந்தோஷத்தாலேயே கெடுத்துக்கொண்ட விஞ்ஞானியை நான் அங்கேதான் பார்த்தேன்.

அடுத்து இரும்பு ஒழிப்பு. பக்கத்தில் இரும்பு இருந்தால் கணக்கு தப்பும் என்று எங்கள் கட்டில்களை வராந்தாவுக்குத் தள்ளினார். நாங்கள் பாய்க்கு வந்தோம். அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தார். ஹேர்பின், சேஃப்டி பின், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம். ராயபுரத்தில் கப்பல் சரக்குக்குப் பேப்பர் வேலை பார்க்கும் ஆபீஸில் நாள் முழுக்க மாரடித்துவிட்டு, தலைவிரி கோலமாக, புடவைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி என் சொந்த அறைக்குள் நான் நுழைவேன். யார் வீட்டிலோ களவாட வந்தவள் மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் அடங்காத எதிரி ஒருவன் இருந்தான். வாசலில் ஓடும் ரோடு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் ஹாஸ்டலை உரசாத குறையாகப் போகும். ஒவ்வொரு லாரிக்கும் வீடு அதிர்ந்து, எடை குலுங்கி, கம்பி வெடுக் வெடுக்கென்று இழுபடும். உடனே அதன் காந்தமும் ஏறி இறங்கும். திரையில் படிக்கட்டு வர வேண்டிய இடத்தில் முள்ளம்பன்றி வரும்.

"பேஜாருடா சாமி!" என்று அக்கா தலையில் கை வைத்தார். எங்களுக்கோ அதில் ஒரு லாபம் இருந்தது. எங்கள் வார்டன் கனத்த சரீரம். அவர் மாடிப்படியில் கால் வைத்தாலே கோட்டில் ஒரு துள்ளல் வந்துவிடும். திருட்டுத்தனமாக முட்டை வேகவைத்துக்கொண்டிருக்கும் நாங்கள் பிளாஸ்டிக் கெட்டிலைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டு, வார்டன் கதவைத் திறக்கும்போது பஜனைக்கு உட்கார்ந்தவர்கள்போல் இருப்போம். ஒரு நாள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தன் நடையை ஒரு கம்பி அளக்கிறது என்பதை எந்த வார்டன்தான் தாங்குவார்?

"சனிக்கிழமையோட கம்பியும் நீயும் கிளம்பிடணும். ஆமா!"

அதே சனிக்கிழமைதான் அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் வருவதாக இருந்தது. சுத்தமான கோட்டைக் கண்ணால் பார்த்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கையெழுத்து. பார்க்காவிட்டால் அக்காவின் பதிவு காலாவதி. இத்தனை வருட உழைப்பும் போச்சு.

பேராசிரியர் மெலிந்த மனிதர். வாசலிலேயே அவருடைய பெல்ட் பறிமுதலாகிவிட்டது. பக்கிளில் இரும்பு. பாவம், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி திரையைப் பார்த்தார். முள்ளம்பன்றி. மறுபடி பார்த்தார். இன்னும் பெரிய முள்ளம்பன்றி. அறை வாசலில் வார்டன் கைகட்டி நின்றார். "பரவாயில்லைம்மா, வேற இடம் பாத்து..." என்று பேராசிரியர் தொடங்கினார். வேறு இடம் கிடைப்பதற்குள் கெடு முடிந்துவிடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் ரோட்டில் லாரிகள் நின்றன. துறைமுக கேட்டில் ஏதோ நெரிசல். வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றது. ஆனால் எல்லா இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்ததால் அதிர்வு மட்டும் நிற்கவில்லை.

அக்கா வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முதல் லாரியின் கதவைத் தட்டினார். "அண்ணா! இன்ஜின ஆஃப் பண்ணுண்ணா! கொஞ்ச நேரம்!"

டிரைவர் தலையை நீட்டினார். "ஏன், இன்னாமே ஆச்சு? யாருக்குனா உடம்பு சரியில்லையா?"

"கம்பிக்குண்ணா! என் பரீட்சைண்ணா! நீ உறுமுனா அது நடுங்குது!"

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அக்காவின் குரலும் கண்ணில் முட்டிய தண்ணீரும் புரிந்திருக்க வேண்டும். சாவியைத் திருகினார். பின்னாலிருந்த லாரிக்குக் கையை ஆட்டி, "நைனா! ஆஃப் பண்ணு! தங்கச்சிக்குப் பரீட்சையாம்!" என்று கத்தினார். நான் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரிசை நெடுக ஓடி ஓடிச் சொன்னேன். ஒவ்வொன்றாக லாரிகள் அடங்கின. அந்த ரோட்டில் காக்கா கத்துவதை அன்றுதான் கேட்டேன்.

நாங்கள் மேலே வந்தபோது வார்டன் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மூச்சுகூட விடவில்லை. அக்கா முதல் எடையை வைத்தார். கோடு ஒரு படி இறங்கி, கத்தியால் சீவியதுபோல் நின்றது. அடுத்த எடை, அடுத்த படி. கடைசிவரை இறங்கியது. எடைகளை எடுக்க எடுக்க, பொறுமையாக மேலே ஏறியும் வந்தது.

"பியூட்டிஃபுல்!" என்று பேராசிரியர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். மறு நொடியே ஒரு கையை அவசரமாக இறக்கிக்கொண்டார்.

அக்கா ஜன்னலுக்குப் பாய்ந்தார். கீழே டிரைவர்கள் எல்லோரும் இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"வந்துச்சா தங்கச்சி?"

"வந்துடுச்சுண்ணா!"

அவ்வளவுதான். விசிலடித்தபடி ஏறி, அத்தனை லாரியிலும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். இன்ஜின்கள் உறுமின, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன, வார்டன் கைதட்டினார், திரையில் கோடு பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்.

வார்டன் தன் கெடுவைத் தானே ரத்து செய்தார். பட்டம் கிடைத்து, வேறு ஊரில் ஒழுங்கான ஆய்வகமுள்ள கல்லூரியில் வேலையும் கிடைத்து அக்கா போய்விட்டார். அவர் இடத்துக்கு வண்ணாரப்பேட்டை துணிக்கடையில் கணக்கு எழுதும் ஒரு பெண் வந்தாள். தங்கமான பெண். குதிக்க மாட்டாள், கத்த மாட்டாள், விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவாள். அவள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் படுத்தால் என் கண் அந்தக் காலிக் கொக்கிக்கே போகும். அடுத்த மாதமே நான் வார்டனிடம் போய் வேறு அறை கேட்டேன். கேட்ட உடனே சாவியை எடுத்துக் கொடுத்தார்.