படங்களோடு சேர்ந்து திறந்துகொண்ட ஃபைல்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

இங்கு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்கு நலம். அங்கு உங்கள் நலத்தை, குறிப்பாக நீங்கள் விழித்திருக்கிறீர்களா என்பதை, அறிய ஆவல். லேப்டாப்பை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதால், போர்வைக்குள் போனில் எழுதுகிறேன். பிழை பொறுக்கவும்.

எங்கள் பள்ளிக்காக நான் செய்த வெப்சைட்டை, நீங்கள் ஏற்பாடு செய்து தந்த சர்வரில் இன்று மாலை ஏற்றினேன். என் லேப்டாப்பில் நிறம், படம் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன. "வீட்ல வருதுல்ல? அப்ப அங்கயும் வரும், போம்மா" என்றார் கம்ப்யூட்டர் சார். நீங்கள் சொல்லியிருந்தபடி, பிழை பார்ப்பதற்கான 'டீபக்' (debug) அமைப்பை அணைத்துவிட்டுத் திறந்தால், வெறும் எழுத்து மட்டும் இடது ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றது. தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னம்மா இது, பூசாத சுவர் மாதிரி இருக்கு? நாளைக்குப் பெத்தவங்க கூட்டத்துல இதையா காட்டறது?" என்றார். டீபக் இருக்கும்வரைதான், வெப்சைட் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க் மென்பொருள் நிறம், படங்களைத் தானே எடுத்துக் கொடுக்கும், அணைத்த பிறகு அவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து அதை மட்டும் வெப் சர்வருக்குக் காட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதில் 'மட்டும்' என்பது மட்டும் நினைவில்லை. ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுசாகக் காட்டிவிட்டேன். படங்கள் வந்தன. முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

சாப்பிடும்போதுதான் உறைத்தது. படங்களுக்காகத் தலைமையாசிரியை கொடுத்த பென் டிரைவை அப்படியே அந்த ஃபோல்டரில் கொட்டியிருந்தேன். போனில் வெப்சைட் முகவரியைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். 'பெற்றோர் பற்றி' என்று தலைமையாசிரியை தனக்காக எழுதிவைத்திருந்த ஒரு ஃபைல், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. ஓர் அம்மாவுக்கு நேராக, "பையனை விட்டுவிட்டு இவருக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாம்" என்று இருந்தது. என் அப்பாவுக்கு நேராக, "கேள்வி கேட்பார், பதில் கேட்க மாட்டார்" என்று இருந்தது. அதை மறுக்க முடியவில்லை. ஆனால் நாளைக் காலை கூட்டத்தில் இந்த முகவரி எல்லாருக்கும் போகப்போகிறது, யாராவது ஒருவர் என்னைப் போல மாற்றிப் பார்த்தால் அப்புறம் என்னைப் பள்ளியில் வைத்திருக்க மாட்டார்கள். சித்தி, சர்வரின் கடவுச்சொல் உங்ககிட்டயும் இருக்கு. விடிவதற்குள் அந்த ஃபோல்டரை மூடிவிடுங்கள். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
இன்று வரை மாணவியாக இருக்கும்
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மனசு கேட்காமல் தலைமையாசிரியைக்கே உண்மையை எழுதிப் போட்டேன். உடனே குரல் செய்தி வந்தது. "நானும் பாத்தேன்மா. எத்தனை வருஷமா இதையெல்லாம் அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. நீ தெரியாம செஞ்சதாவே இருக்கட்டும். கூட்டம் முடியறவரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது." ஆகவே சித்தி, மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். ஏற்கெனவே மூடியிருந்தால், தயவுசெய்து உடனே திறந்துவிடவும்.