முத்திரையிட்ட பெட்டி

செம்பாளை நாட்டில் மன்னரைக் குடிகளே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் வரிசையில் வந்து பானையில் ஓலை போடுவார்கள். மாதாமாதம் நெல் அளப்பதும் அதே பதிவேட்டைப் பார்த்துத்தான். பெயர் இல்லாதவருக்கு என்ன கிடைக்கும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒருவர் இருக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தப் பதிவேட்டையும் அரண்மனையின் நாற்பது கதவுகளையும் காத்து வந்தவர் சாத்தப்பன். ஒவ்வொரு கதவிலும் எழுத்துப் பூட்டு ஒன்று இருந்தது. வளையங்களைத் திருப்பி அந்தக் கதவுக்குரிய குறிச்சொல்லைச் சேர்த்தால் திறக்கும். தப்பாகத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். காலையிலிருந்து மாலைவரை யாராவது ஒருவர் கதவு திறக்கவில்லை என்று ஆள் அனுப்புவார், சாத்தப்பன் ஓடுவார். கதவுகள் ஒழுங்காகத் திறக்கும் நாளில் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. மாட்டிக்கொண்ட நாளில் மட்டும் அவர் பெயர் அரண்மனை முழுக்க ஒலிக்கும். இருபத்தாறு வருடம் இப்படி ஓடியதில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

தன் அறைச் சுவரில் கரியால் சில விதிகளை எழுதி வைத்திருந்தார். கதவு மாட்டினால் பதறாதே, வெளித்தாழை முழுதாக இறக்கித் தூக்கு, வளையங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும், பிறகு திற. எல்லாக் குறிச்சொல்லையும் எவருக்கும் தராதே, மன்னரின் மைத்துனராக இருந்தாலும். திருவிழாவுக்கு முந்தின நாள் எதிலும் கை வைக்காதே. மூலமும் பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. கடைசி விதியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: திறந்து படித்துப் பார்க்காத பிரதி, பிரதியே இல்லை.

அதற்காகவே பௌர்ணமிதோறும் காலையில் பிரதிப் பெட்டி ஒன்றைத் திறப்பார். கைக்கு வந்த பத்து ஓலைகளை உருவி, பெயர்களை உரக்கப் படிப்பார். ஏட்டறைக் காவலன் மருதையன் மூலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி, "இருக்கு... இருக்கு..." என்பான். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் சாத்தப்பனுக்கு மத்தியானச் சோறு இறங்கும்.

இந்த நிலையில் ஞானதீபர் பேரமைச்சரானார். சீர்திருத்தம் செய்யாமல் அவரால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது.

முதல் ஆணை, பாதுகாப்பைப் பற்றியது. குறிச்சொற்கள் தினமும் மாற வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பறவை, ஒரு எண், ஒரு நதி இருக்க வேண்டும். ஒருமுறை வந்தது மறுமுறை வரக்கூடாது. நான்காம் நாளே அமைச்சர்கள் அன்றைய சொல்லைக் கதவு நிலையில் சுண்ணாம்பால் எழுதி வைக்கத் தொடங்கினார்கள். வீதியில் கீரை விற்பவளுக்குக்கூடக் கருவூலத்தின் குறிச்சொல் தெரிந்திருந்தது.

இரண்டாம் ஆணை, அமைச்சர்களில் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதால் எல்லாக் கதவுகளும் எல்லோருக்கும் திறக்கப்படும் என்றது. மீன்வள அமைச்சர் அதன்பின் ஏட்டறைக்குள் மதியத் தூக்கம் போட்டார். சாப்பிட்ட மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். எறும்பு வந்தது, ஈரம் வந்தது, பின்னாலேயே கரையானும் வந்தது. சாத்தப்பன் மூன்று விண்ணப்பம் எழுதினார். மூன்றும் பரிசீலனையில் இருந்தன.

மூன்றாம் ஆணைக்கு முன் அவரை அவைக்கு அழைத்தார்கள்.

"பௌர்ணமிதோறும் பிரதிப் பெட்டியைத் திறக்கிறீராமே, எதற்காக?" என்றார் ஞானதீபர்.

"சரியா இருக்கான்னு பாக்கத்தாங்க."

"அரச முத்திரையிட்ட பெட்டி சரியாக இராது என்று சந்தேகிக்கிறீர்?"

"முத்திரை மேலே சந்தேகம் இல்லைங்க. உள்ள இருக்கிற ஓலை மேலதான்."

"சந்தேகம் என்பது ராஜத் துரோகத்தின் முதல் படி. வயதைக் கருதி மன்னிக்கிறோம். இன்றுமுதல் பிரதி எடுக்கும் பொறுப்பு முத்திரைத் துறையைச் சேரும். பெட்டிகள் முத்திரையிடப்படும், எண்ணப்படும், திறக்கப்படமாட்டா."

அன்று மாலை சாத்தப்பன் சுவரின் கடைசி விதியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. மறுநாள், தான் கடைசியாகச் சரிபார்த்த பழைய பிரதியைக் கழிவு ஓலை என்று கணக்கெழுதி மூட்டை கட்டி, மலையடிவாரத்தில் இருந்த தங்கை வெள்ளையம்மா வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வந்தார். அவள் கணவனை இழந்தவள். நான்கு பிள்ளைகளோடு அந்த மாதாந்திர நெல்லை நம்பித்தான் இருந்தாள்.

மழைக்காலம் முடிந்தபோது மூலப் பதிவேட்டில் பெயர்கள் இல்லை. மண் இருந்தது. அரண்மனை கலங்கவில்லை. நாற்பத்தெட்டுப் பிரதிப் பெட்டிகளையும் அவை நடுவே கொண்டுவந்து மேளதாளத்தோடு உடைத்தார்கள். ஓலைகள் வரிசையாக, அழகாக நறுக்கப்பட்டு, வெறுமையாக இருந்தன. எப்படியும் யாரும் திறக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு முத்திரைத் துறை எழுத்தாணியைத் தொடவே இல்லை.

செய்தி கேட்ட வெள்ளையம்மா பரண் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடந்து வந்தாள். சாத்தப்பன் அதை ஞானதீபர் முன் பிரித்து வைத்தார். வாழ்நாளில் ஒருமுறையாவது யாராவது நன்றி சொல்லப்போகிறார்கள் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது.

பேரமைச்சர் ஓலைகளைப் புரட்டினார். "இதில் எழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை. அதில் முத்திரை இருக்கிறது, எழுத்து இல்லை. அரசு எதை ஏற்கும்?"

"ஜனங்க வெளியே நிக்கிறாங்களேய்யா. பாத்தாலே தெரியுமே."

"பார்வை ஆவணமாகாது."

எனவே நான்காம் ஆணை வந்தது. முத்திரையிட்ட பதிவேடே உண்மையானது. அதில் இல்லாதவர்கள் தாங்கள் பிறந்ததை நிரூபித்துச் சேரலாம். அதற்கான விண்ணப்ப ஓலை, பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் வழங்கப்படும்.

வெற்று ஓலைகளில் முதலில் அமைச்சர்களின் பெயர்கள் ஏறின, பிறகு அவர்களுடைய மருமகன்களின் பெயர்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் அறுபத்திரண்டு ஓலைகள் விழுந்தன, அத்தனையும் மன்னருக்கே. செம்பாளை வரலாற்றில் இப்படி ஒருமனதான தேர்தல் நடந்ததில்லை என்று முரசறைந்தார்கள். நெற்களஞ்சியமும் நிரம்பி வழிந்தது, அளந்து கொடுக்க ஏட்டில் ஆள் இல்லாததால். வெள்ளையம்மாவின் கடைக்குட்டி பசியில் அழுவதையும் விட்டிருந்தான். சாத்தப்பன் பெயரும் ஏட்டில் இல்லை என்பதால் அவருக்கு வேலையும் இல்லாமல் போயிற்று. சுவரிலிருந்த விதிகளுக்கு வெள்ளையடித்தார்கள்.

வெற்றியைக் கொண்டாட அமைச்சரவை கூடிய அன்று, முன்பகலில், மருதையன் ஓடி வந்தான். சாத்தப்பன் அரண்மனை வாசலில், நிரூபிக்க வந்தவர்களின் நீண்ட வரிசையில், பரண் மூட்டையோடு, தங்கைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பின்னால் நின்றிருந்தார்.

"அண்ணே, அவைக் கதவு மாட்டிக்கிச்சு. மொத்தப் பேரும் உள்ள. நிலையில எழுதின சுண்ணாம்பு அழிஞ்சுபோச்சு, சொல்லு என்னான்னு ஒருத்தருக்கும் தெரியல. மைனாங்கறாரு ஒருத்தரு, மரங்கொத்திங்கறாரு ஒருத்தரு."

சாத்தப்பன் போனார். கால்கள் பழக்கத்தில் தாமாகவே நடந்தன. வரிசையும் பின்னாலேயே வந்தது. உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது. "வெளியே யாராவது இருக்கிறீர்களா?" என்று ஞானதீபர் கூவினார்.

சாத்தப்பன் தாழில் கை வைத்தார். இறக்கித் தூக்கினால் போதும். வெள்ளையம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டார்.

"பதிவேட்டுப்படி யாரும் இல்லீங்க ஐயா" என்றார்.

உள்ளே தட்டுவது நின்றது. பிறகு, "சாத்தப்பன்தானே? திறவும்!"

"என் பேரும் இல்லீங்க. ஓலைக்கட்டை உள்ள தள்ளறேன், முத்திரையை வெச்சு அனுப்புங்க. உடனே ஆள் வந்துரும்."

கதவடி இடைவெளியில் பரண் ஓலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். உள்ளே விவாதம் நடந்தது. முத்திரை வைத்தால் பழைய முத்திரை பொய் என்று ஆகாதா என்று ஒருவர் கேட்டார். குழு அமைக்கலாம் என்றார் இன்னொருவர். வெயில் உச்சிக்கு வந்தது. கடைசியில் ஒரே ஓர் ஓலை வெளியே வந்தது. அரக்கு இன்னும் சூடாக இருந்தது. மக்கள் நெருங்கி வந்தார்கள்.

சாத்தப்பன் உரக்கப் படித்தார்: "அவைக் கதவு திறந்தே இருக்கிறது என்று இதனால் அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது."

திருப்பிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. முத்திரை சரியாக விழுந்திருந்தது.

"திறந்திருக்குன்னா அவங்களே வந்துருவாங்க" என்று ஓலையை மருதையனிடம் கொடுத்தார். "வா வெள்ளையம்மா. களஞ்சியக் கதவு நிலையில இன்னிக்குச் சொல்லைச் சுண்ணாம்புல எழுதியிருக்கு, வரும்போதே பாத்தேன். பிள்ளைங்களுக்கு முதல்ல சோறு ஆக்கு."