அலுவலர் படத்துக்கு ஓர் எர்த் கம்பி

பட்டாசு ஆலைகளில் நேரும் பிழைகளை அவற்றின் தகுதிக்கேற்ப மதிக்க வேண்டும் என்று பிழை வகைப்பாட்டு அலுவலகம் நீண்ட ஆலோசனைக்குப் பின் முடிவெடுத்து, 'காப்பான்' என்றொரு செயலியை வெளியிட்டது. பிழையின் கடுமை அது யாரைப் பாதிக்கிறது என்பதைப் பொறுத்தது. தொழிலாளியைப் பாதித்தால் 'தகவல்'. முதலாளியைப் பாதித்தால் 'எச்சரிக்கை'. அலுவலரைப் பாதித்தால் 'மிகக் கடுமை'. சங்கு ஊதும், திரை சிவக்கும், அரை மணியில் ஜீப் வரும். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் போர்மேனாக இருந்த சிவபாண்டிக்கு மட்டும் இந்த நியாயம் லேசில் பிடிபடவில்லை. மருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. அதைத் தொட்டால் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் கம்பி வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு பொறி போதும், அறையே இருக்காது. அந்தக் கம்பி அறுந்து கிடந்தது. செயலியில் பதிந்தார். "தகவல்: எர்த் இணைப்பு இல்லை. நன்றி. இனிய நாள்!" என்று பூவோடு பதில் வந்தது.

பதினோரு முறை பதிந்தார். பதினோரு பூ வந்தது. தானே ஒட்டலாம் என்றால் 'அனுமதியற்ற சீரமைப்பு' என்று செயலி ஆலையின் உரிமத்தையே முடக்கிவிடும். வேலையை நிறுத்தலாம் என்றால் முதலாளி, "தகவல்னுதானய்யா போட்டிருக்கு? சீசன் நேரத்துல ஏன்யா பயமுறுத்துற?" என்றார்.

கலவை அறையில் வேலை பார்க்கும் ஞானசுந்தரி கேட்டாள்: "அண்ணே, நாங்க வெடிச்சா அது எம்புட்டுப் பெரிய பிழை?"

"தகவல், தாயி."

"நாலு பேரும் மொத்தமாப் போனா?"

"நாலு தகவல்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்த ஆபீசர் படத்தைக் கொண்டாந்து இங்கன மாட்டுங்க. ஆபத்து அவுகளுக்கும் சேத்து வரட்டும்."

சிவபாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த அலுவலகத்தின் இணை அலுவலர் இராமகிருஷ்ணனின் படத்துக்குப் பித்தளைச் சட்டம் போட்டுத் தகட்டுக்கு மேலே மாட்டினார். "அலுவலர் படத்துக்கு எர்த் இல்லை" என்று பதிந்தார்.

சங்கு ஊதியது. இருபதே நிமிடத்தில் ஜீப் வந்தது. மூன்று பேர் இறங்கி, விரல் தடிமன் செம்புக் கம்பியைப் படத்தின் சட்டத்திலிருந்து மண்ணுக்கு இறக்கினார்கள்.

"அப்படியே அந்தத் தகட்டுக் கம்பியையும்..." என்று இழுத்தார் சிவபாண்டி.

"அது தகவல். நாங்க மிகக் கடுமைப் பிரிவு."

போகட்டும். மறுநாள் முதல் நான்கு பெண்களும் படத்தின் சட்டத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். சிவபாண்டி நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆய்வுக்கு வந்த இராமகிருஷ்ணன் இதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். "இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தாங்கய்யா. அந்தக் கம்பி வழியா..."

"கம்பி கிடக்கட்டும்யா. அந்த மனசு இருக்கே, மனசு!"

ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. வட்டாரத்தின் எல்லாக் கலவை அறைகளிலும் செம்புத் தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அலுவலர் படம் மாட்ட வேண்டும். தொட்ட பிறகே நுழைவு. இவை நகல்கள் என்பதால் இவற்றுக்கு நேரும் பிழை 'தகவல்' என்றே கொள்ளப்படும். திருத்தங்கல் அச்சகங்களில் படம் மலை மலையாகக் குவிந்தது.

சிவபாண்டியின் மனைவி பாண்டிலட்சுமிக்கு விஸ்வநத்தத்தில் ஓர் ஆலையில் கலவை வேலை. காலையில் தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னாள்: "எங்க கம்பெனியிலயும் நேத்து மாட்டிட்டாக."

"கம்பி இருக்கா?"

"படத்துக்கு எதுக்குங்க கம்பி? ஆணியிலயே நல்லாத்தான் தொங்குது."

சிவபாண்டி சட்டென்று போனை எடுத்துப் பதிந்தார். "தகவல்: நகலுக்கு எர்த் இல்லை. நன்றி. இனிய நாள்!" பூ வந்தது.

"இன்னைக்கு நீ வேலைக்குப் போகாத."

"நான் ஒருத்தி போகலைன்னா ஆச்சா?" தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "படத்துக்குக் கீழ 'இந்த முறையைக் கண்டுபிடித்தவர் போர்மேன் சிவபாண்டி'ன்னு அச்சடிச்சிருக்காகல்ல? அதைப் படிச்சுட்டுத்தான் அம்புட்டுப் பேரும் பயமில்லாம உள்ள போறாக."