பிளாஸ்மாவுக்குப் போட்ட பூஜை

சாமி விஷயத்தில் நான் அதிகப்பிரசங்கி. எல்லோரும் ஒரு கும்பிடு போட்டால் நான் இரண்டு போடுவேன். அந்தக் கூடுதல் கும்பிடுதான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் கண்ணாடித் தகடுகளுக்குப் பூச்சு கொடுப்போம். இரும்புத் தொட்டிக்குள் தகட்டை வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் அது பிளாஸ்மாவாகி இளஞ்சிவப்பாக ஒளிரும். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத் தகட்டில் படலம் படியும். கண்ணாடித் துவாரம் வழியே அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன் (சம்பளம் கொடுத்து வேடிக்கை பார்க்க விட்டார்கள்).

ஆயுத பூஜை வந்தது. விடுமுறை முடிந்த மறுநாள் பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியை நாங்கள் தகட்டுக்குப் பூச்சு கொடுப்பதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அது நன்றாக வந்தால் எனக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று மத்தூரில் மாமனாராகப் போகிறவர் சொல்லியிருந்தார்.

எல்லோரும் மெஷினுக்கு வெளியே சந்தனம், குங்குமம் வைத்தார்கள். வேலை நடப்பது உள்ளேதானே என்று நான் யோசித்தேன். யாருக்கும் தெரியாமல், மறுநாளைக்கான தகடு ஏற்கெனவே வைத்திருந்த தொட்டிக்குள் ஒரு மூலையில் நாலு கட்டி சூடம் வைத்துக் கதவை மூடினேன். கொளுத்தவில்லை (அவ்வளவு முட்டாள் இல்லை).

பேராசிரியை வந்தார். பம்ப் ஓடுகிறது, ஓடுகிறது, வெற்றிடம் வரவே இல்லை. மேனேஜர் போல்ட்டையெல்லாம் முறுக்கிப் பார்த்தார். மதியத்துக்கு மேல் ஒருவழியாகப் பிளாஸ்மா பற்றிக்கொண்டது. இளஞ்சிவப்புக்குப் பதில் வெளிறிய நீலம். கதவைத் திறந்தால் கோயில் வாசனை. தகட்டில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு படலம்.

மேனேஜர் கன்னடக்காரர். கோபம் வந்தால் அவர் தமிழில் மரியாதை கூடிவிடும். “உள்ள என்ன வெச்சீங்க, சொல்லுங்க” என்றார். சொன்னேன்.

பேராசிரியை மட்டும் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொளுத்தாவிட்டாலும் வெற்றிடத்தில் சூடம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பம்ப் திணறியது என்றார். சூடத்தில் பெரும்பங்கு கார்பன். பிளாஸ்மா அதை உடைத்துப் படலமாக்கிவிட்டதாம்.

“எத்தனை கட்டி வெச்சீங்க தம்பி?” என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். தகட்டையும் காகிதத்தில் சுற்றி வாங்கிப் போனார். மானம் போன வருத்தத்திலும் அந்த நீலம் எப்படி வந்தது என்று அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். மேனேஜர் முறைத்தார்.

நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கல்யாணமும்தான்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள்.

“நாலு கட்டிதான் வெச்சாரு. இன்னும் ஒரு நாலு வெச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”