மொஸ்கோ அண்ணையின் ஒத்திவைப்புகள்

செத்தவர்களை 'இருக்கிறார்' என்றும் உயிரோடு இருப்பவர்களை 'இருந்தார்' என்றும் கதைக்கிற ஒரே ஒரு தமிழரைத்தான் இத்தாலியின் பலேர்மோ நகரம் கண்டிருக்கிறது. அவர்தான் மொஸ்கோ அண்ணை. எந்த மாதா கோயிலிலும் இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

மொஸ்கோவை அவர் கண்ணால் கண்டதில்லை. வவுனியா, கொழும்பு, பிறகு நேரே பலேர்மோ. மொஸ்கோவில் படித்த மச்சான் ஒருவர் கொடுத்த ரஷ்ய சதுரங்கச் சஞ்சிகைகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. ரஷ்ய மொழியில் ஒரு சொல் தெரியாது. காய் நகர்வுகளை வாசிப்பார், படங்களில் இருக்கிற முகங்களைப் பார்ப்பார். மிச்சத்தை எங்கேயிருந்து எடுத்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பலேர்மோவில் ஒரேத்தோத் தெருவில் ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தோம். எனக்கு நாப்போலி போகிற கப்பலில் கபின் துப்புரவு. மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்து சன்னல் பலகைகளை இறக்கிவிட்டுப் படுப்போம். தெருவில் ஈ காக்கை இராது. அந்த நேரம் பார்த்துத்தான் மனிசன் தொடங்கும்.

"தம்பி, உலகச் சாம்பியன் ஒருத்தர் போர்த்துக்கல்லிலை ஹோட்டல் அறைக்கை கதிரையிலை இருக்கிறார். கோட்டுப் போட்டபடி. முன்னாலை மேசையிலை செஸ் போட். ஆள் செத்துப்போனார். ஆனால் பட்டம் அவரிட்டைத்தான் இருக்கு. ரெண்டு வருசம் உலகத்துக்கு ஒரு பிரேதம்தான் சாம்பியன். பிறகுதான் அஞ்சு பேரை விட்டு ஆடவைச்சு, சோவியத்காரன் பட்டத்தைக் கொண்டுபோனவன்."

"படுங்கோ அண்ணை."

"இன்னொருத்தர் சோவியத்தை விட்டு ஓடிப்போனவர். ஆவியளோடை கதைக்கிற மீடியம் ஒருத்தனை வைச்சு, செத்துப்போன ஹங்கேரிக்காரன் ஒருத்தனோடை ஆடினவர். ஏழெட்டு வருசம். செத்தவன் நல்லாத்தான் ஆடினவனாம்."

நான் பயந்தவன் இல்லை. தீவில் பிறந்து, புயலில் வள்ளம் ஏறினவன். ஆனாலும் அந்த மத்தியானங்களில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. வெளியே முப்பத்தெட்டுப் பாகை வெயில்.

அவருக்கு அந்த ஆட்டங்களின் விதிகள்தான் வேதம். சமையலறையில் கத்தரிக்காயைத் தொட்டால் தொட்டவன்தான் வெட்டவேண்டும். "தொட்டனீர்தானே? நகர்த்தும்!" விருந்துக்குப் போனால் இருக்கமுதல் கதிரையைக் கவிழ்த்துப் பார்ப்பார். ஐஸ்லாந்துப் போட்டியில் சோவியத்காரர் சந்தேகப்பட்டுக் கதிரையை எக்ஸ்ரே எடுக்கவைத்தார்களாம், விளக்குக்குள்ளே ரெண்டு செத்த ஈ மட்டும் கிடந்ததாம். ஒரு ஞானஸ்நான வீட்டில் பிள்ளையின் அப்பப்பா இருந்த கதிரையையும் கவிழ்க்கப் போக, கிழவர் பயத்தில் செபமாலையை எடுத்துவிட்டார். நாங்கள் சீட்டுக் கடுதாசி விளையாடும்போது எதிரே வந்து குந்தி, கண்ணை இமைக்காமல் ஒருவனையே பார்ப்பார். பிலிப்பைன்ஸ் போட்டியில் சோவியத் பக்கம் இப்படிப் பார்க்கவென்றே ஓர் ஆளைக் கூட்டிப்போய் இருத்தியதாம். பார்க்கப்பட்டவன் தோற்றுத்தான் எழும்புவான். இது பகிடி இல்லை. நானே மூன்று தரம் தோற்றேன்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து ஒத்திவைப்பு. அந்தக் காலத்தில் ஆட்டம் நீண்டால் ஒத்திவைப்பார்கள். ஆடவேண்டியவர் அடுத்த நகர்வை இரகசியமாக எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கவேண்டும். மற்றநாள் திறந்து அங்கிருந்து தொடரும். மொஸ்கோ அண்ணை சண்டையையும் இப்படித்தான் பிடித்தார். கக்கூஸ் கழுவுவது யார் முறை என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், அமைதியாக ஒரு கடுதாசியில் பதிலை எழுதி, கவரில் ஒட்டி, என் கையில் தருவார். "நாளைக்குத் திறவும்." இரவு முழுக்க எனக்கு நித்திரை வராது. காலையில் திறந்தால் 'உம்முடைய முறை' என்று இருக்கும்.

பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம், பழைய மாடி வீடொன்றில் ஓர் அவ்வொக்காத்தோவைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அவ்வொக்காத்தோ என்றால் வக்கீல். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அந்தக் காலத்துச் செஸ்காரர். மதியச் சாப்பாடு முடிய அரை மணித்தியாலம் ஆடுவார்கள், பிறகு ஒத்திவைப்பு. அண்ணை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள, கிழவர் இடக்கையால் எழுதிக் கவருக்குள் வைப்பார். மிலானோவில் இருந்த மகளுக்கு ஞாயிறுதோறும் அண்ணை போன் எடுப்பார். "சிஞ்ஞோரா, உங்கட அப்பா இண்டைக்கும் என்னை வெண்டிட்டார்." அப்பாவின் மூளை அப்படியே கூர்மையாய் இருக்கிறது என்று அவ ஊரெல்லாம் பெருமை சொன்னாவாம்.

2007இல் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டம் ஒத்திவைத்து அரை மணி நேரத்துக்குள், கிழவர் கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார். கவர் அண்ணையின் சட்டைப் பையில் இருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த மகள் அதைக் கண்டுவிட்டா. ஒட்டிய கவர், மேலே அண்ணையின் கையெழுத்தில் அப்பாவின் பெயரும் திகதியும். வக்கீல் வீட்டில் அது உயிலாகத்தானே தெரியும்?

"திறவுங்கள்" என்றா.

"ஏலாது. அவர் வந்து இருக்கட்டும், திறப்பம்" என்றாராம் இந்த மனிசன்.

சிஞ்ஞோராவின் முகம் வெளிறிவிட்டது. திங்கட்கிழமைக்குள் திறக்காவிட்டால் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் கந்தோரில், முறைப்பாடு கொடுப்பேன் என்று சொல்லிவிட்டா. அண்ணையின் பெர்மெஸ்ஸோ, இருக்கிறதுக்கான அனுமதி, அப்போது புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. அதன்மேல் ஒரு முறைப்பாடும் விழுந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் சண்டை மூண்டு எரிந்த வருசம் அது. திரும்பிப் போகிற ஆளை என்ன செய்வார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? ஒரு கடுதாசிக்காக வன்னிக்குப் போய்ச் சாகப்போறியளே?"

"தம்பி, ஆட்டம் முடியேல்லை."

"ஆள் முடிஞ்சுது!"

"அவர் இருக்கிறார்" என்றார்.

திங்கள் மத்தியானம் மொழிபெயர்க்கிற சாட்டில் நானும் போனேன். சன்னல் பலகைகள் பாதி இறக்கியிருந்தன. மேசையில் காய்கள் வெள்ளிக்கிழமை நின்றபடியே நின்றன. எதிரே கிழவரின் கதிரை. அதன் மெத்தை இன்னும் பள்ளமாயிருந்தது, யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதுபோல. அதில் யாரும் இருக்கக்கூடாது என்று அண்ணை சொல்ல, சிஞ்ஞோரா அதன் பின்னால் நின்றா. அண்ணை சன்னலுக்கு முதுகு காட்டி இருந்து, கவரை மேசையில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆள் அசையவில்லை. சிஞ்ஞோரா போனைக் கையில் எடுத்தா.

என்னால் தாங்க முடியவில்லை. பாய்ந்து கவரைப் பறித்துக் கிழித்தேன்.

வெறும் தாள். ஒரு எழுத்து இல்லை.

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மெல்ல என் கையிலிருந்து தாளை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, இத்தாலியனில் வாசித்தார்.

"குதிரை, எஃப் ஐந்து."

வாசித்தார் ஐயா! வெறும் தாளில் கண் இடமிருந்து வலம் போனதை நான் கண்டேன். கிழவரின் குதிரையைத் தூக்கி வைத்தார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் ராசாவைச் சரித்துவிட்டு, எழும்பி, வெறும் கதிரைக்கு நேரே கை நீட்டினார். யாரோ பிடித்துக் குலுக்குகிறமாதிரி அந்தக் கை இரண்டு தரம் அசைந்தது.

"உங்கட அப்பா வெண்டிட்டார், சிஞ்ஞோரா."

சன்னல் வெளிச்சம் தாளுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றும் எழுதியில்லை என்பது எதிரே நின்ற சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தாளைக் கேட்பா என்று பார்த்தேன், கேட்கவில்லை. போனைப் பைக்குள் வைத்தா. "அப்பா எப்போதும் குதிரையால்தான் முடிப்பார்" என்றா. பெர்மெஸ்ஸோவுக்கு வேண்டிய வேலைக் கடிதத்தை அந்த மேசையிலேயே இருந்து எழுதிக் கையெழுத்துப் போட்டா.

படியிறங்கும்போது கேட்டேன். "எத்தினை நாளாய் அண்ணை வெறும் தாள்?"

"முதல் நாளிலையிருந்துதான். மனிசனாலை எழுதேலாது. பேனை தாளிலை முட்டாமல் காத்திலைதான் ஓடும். அது அவருக்குத் தெரியாது. நான் வாசிக்க, அந்த அரை வாயாலை சிரிப்பார். அந்த வெறும் தாளை மகளுக்கு நான் எப்பிடிக் காட்டிறது?"

பெர்மெஸ்ஸோ போனாலும், உயிரே போனாலும், ஒரு கிழவரின் மானம் போகக்கூடாது என்று கவரைப் பொத்திப் பிடித்திருந்திருக்கிறார். நான் விசர் என்று ஏசினேன். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"அப்ப அவரிண்ட காயை ஆர் ஆடினது? நீங்களோ?"

"சே! வாசிக்கமுதல் நான் ஒவ்வொரு காயாய்த் தொட்டுத் தொட்டு அவரிண்ட கண்ணைப் பாப்பன். எதிலை கண் சிரிக்குதோ, அதுதான் நகர்வு."

"இண்டைக்கு? இண்டைக்கு ஆரிண்ட கண்ணைப் பாத்தனீங்கள்?"

வாசலால் தெருவுக்கு வந்து அண்ணை நின்றார். மேலே, அந்தச் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"இண்டைக்கும் அவரிண்ட கண்ணைத்தான்" என்றார்.

தெருவைக் கடக்கும்போது அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "என்ன, பயமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். பயம் இல்லை. அப்படி ஒரு மனிசனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும்போல இருந்தது.